ஜெரண்டா, பார்ட்டிசிபிளா? தமிழ்ல ஒரு தடவை சொல்லிக் கேளுங்க

கேள்வி இதுதான். "ஜெரண்ட் நவுன் வேலை பாக்கும், பிரசன்ட் பார்ட்டிசிபிள் அட்ஜெக்டிவ் வேலை பாக்கும்"னு டெஃபனிஷன் மனப்பாடமா தெரியுது, ஆனா ஒரு வாக்கியத்தைக் குடுத்து இது எதுன்னு கேட்டா தடுமாறுது. மாட்டினதா அஞ்சு வாக்கியம் குடுத்திருக்கீங்க: "மை ஹாபி இஸ் பெயிண்டிங்", "ஐ சா ஹிம் கிராஸிங் தி ரோட்", "ஹீ பாட் எ ஸ்லீப்பிங் பேக்", "ஷீ இஸ் பிஸி குக்கிங்", அப்புறம் "ஐ ரிமெம்பர் ஹிம் சேயிங் தட்". நல்ல அஞ்சு. பல வருஷமா கிராமர் சொல்லிக் குடுக்கறேன், எல்லாரும் தடுக்கி விழற இடம் ஏறக்குறைய இந்த அஞ்சுக்குள்ளயே வந்துருது, அதனால இதை வச்சே போவோம்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்த வார்த்தையையே உத்துப் பாத்துக்கிட்டு இருந்தா விடை கிடைக்காது, ஏன்னா ரெண்டுக்கும் உருவம் ஒண்ணுதான். "ஸ்விம்மிங்"கிற வார்த்தைல ஜெரண்ட்னோ பார்ட்டிசிபிள்னோ எந்த அடையாளமும் கிடையாது. அது வாக்கியத்துல எந்த இடத்துல உக்காந்திருக்கு, யாருக்கு வேலை பாக்குதுன்னுதான் பாக்கணும். இங்கிலீஷ்க்காரங்களுக்கே இது கஷ்டம், ஏன்னா அவங்க மொழில ரெண்டுக்கும் ஒரே சட்டைதான். நமக்கு அந்தக் கஷ்டம் பாதிதான். தமிழ்ல இந்த வேலைகளுக்கு தனித்தனி உருவம் இருக்கு, நாம சின்னப் புள்ளைல இருந்து தப்பே இல்லாம அதைப் பேசிக்கிட்டு இருக்கோம்.

"ஓடு"ங்கிற வினையை எடுத்துக்கோங்க. "ஓடுறது உடம்புக்கு நல்லது", "ஓடுற பையனைப் பாரு", "ஓடிக்கிட்டே பேசினான்". ஓடுறது, ஓடுற, ஓடிக்கிட்டு, மூணும் வேற வேற. இந்த மூணு இடத்துலயும் இங்கிலீஷ் "ரன்னிங்"னு ஒண்ணையே போட்டுட்டுப் போயிடும். நம்ம இலக்கணத்துல இதுக்கு அழகான பேர் இருக்கு, ஸ்கூல்ல படிச்சு மறந்திருப்போம்: ஓடுறது அதாவது ஓடுதல் தொழிற்பெயர், ஓடுற பெயரெச்சம், ஓடிக்கிட்டு வினையெச்சம். எச்சம்னா மிச்சம், முடியாம நிக்கிறதுன்னு அர்த்தம். "ஓடுற..."ன்னு சொல்லி நிறுத்திட்டா கேக்கறவங்க "யாரு?"ன்னு கேப்பாங்க, அது ஒரு பெயரைத் தேடி நிக்குது. "ஓடிக்கிட்டு..."ன்னு நிறுத்தினா "என்ன பண்ணினான்?"னு கேப்பாங்க, அது ஒரு வினையைத் தேடி நிக்குது. "ஓடுறது"ன்னா அது தன் கால்ல தானே நிக்கும், வேலையோட பேரே அதுதான். இதை நல்லா மனசுல வாங்கிக்கோங்க, ஏன்னா ஜெரண்டுக்கும் பார்ட்டிசிபிளுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய இதேதான். தனியா நிக்கிறது ஜெரண்ட், இன்னொண்ணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது பார்ட்டிசிபிள். பார்ட்டிசிபிளை அட்ஜெக்டிவ்னு மட்டும் சொல்லிக் குடுக்கறதுலதான் பாதிப் பேருக்குக் குழப்பம் வருது, நம்ம வினையெச்சம் மாதிரி அது வெர்போடவும் ஒட்டும். "ஷீ கேம் இன் சிங்கிங்"ல சிங்கிங் எந்த நவுனுக்கும் முன்னாடி நிக்கல, "பாடிக்கிட்டே உள்ள வந்தா", ஆனாலும் அது பார்ட்டிசிபிள்தான்.

ஆக முதல் பரிசோதனை, வாக்கியத்தைத் தமிழ்ல சொல்லுங்க. "-றது", "-தல்"னு வந்தா ஜெரண்ட் பக்கம். "-ற", "-கிட்டு", "-ச்சு"ன்னு வந்தா பார்ட்டிசிபிள் பக்கம். பெரும்பாலான வாக்கியம் இதுலயே பிரிஞ்சிடும். "ஐ என்ஜாய் ரீடிங்", படிக்கறதை ரசிக்கிறேன், ஜெரண்ட். "தி க்ரையிங் பேபி", அழற குழந்தை, பார்ட்டிசிபிள். "ஹீ ஸ்டாப்ட் டாக்கிங்", பேசறதை நிறுத்தினான், ஜெரண்ட். "ஹீ கெப்ட் டாக்கிங்"? பேசிக்கிட்டே இருந்தான். பாருங்க, "கீப்"பை நிறைய பாடப்புத்தகத்துல என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ் இவங்களோட சேத்து ஜெரண்ட் எடுக்கிற வெர்ப்னு ஒரே பட்டியல்ல போட்டிருப்பாங்க, ஆனா தமிழ்க் காது வேற மாதிரி சொல்லுது, தமிழ்க் காது சொல்றதுலயும் நியாயம் இருக்கு. "ஹீ ஸ்டாப்ட் இட்"னா அர்த்தம் மாறாது, பேச்சை நிறுத்தினான். "ஹீ கெப்ட் இட்"னா அவன் எதையோ எடுத்து வச்சுக்கிட்டான்னு ஆயிடும். அந்த டாக்கிங் இருக்கற எடத்துல நவுனுக்கு உக்கார எடம் இல்ல. இதுதான் ரெண்டாவது பரிசோதனை, அந்த இங் வார்த்தையையும் அது கூட்டிக்கிட்டு வர்ற வாலையும் சேத்து எடுத்துட்டு "இட்" போட்டுப் பாருங்க, வாக்கியம் அதே அர்த்தத்துல நின்னா ஜெரண்ட்.

இப்ப உங்க முதல் வாக்கியம். "மை ஹாபி இஸ் பெயிண்டிங்". குழப்பம் எங்க வருதுன்னா, "இஸ்" பின்னாடி இங் வந்தா பிரசன்ட் கன்டினியூவஸ்னு மனசு தானா சொல்லிடுது. "மை பிரதர் இஸ் பெயிண்டிங்"ல அது சரி, அண்ணன் பெயிண்ட் பண்ணிக்கிட்டு இருக்காரு, பார்ட்டிசிபிள். ஆனா ஹாபி போய் பெயிண்ட் பண்ணாது. இங்க இஸ் ஒரு ஈக்வல் டு குறி மாதிரி நிக்குது, ஹாபி எதுன்னா பெயிண்டிங். திருப்பிப் போட்டுப் பாருங்க, "பெயிண்டிங் இஸ் மை ஹாபி", கச்சிதமா நிக்குது. "பெயிண்டிங் இஸ் மை பிரதர்"னு திருப்பினா அபத்தம். திருப்ப முடிஞ்சா ஜெரண்ட். தமிழ்லயும் அப்படியே, "என் ஹாபி படம் வரையறது", வரைஞ்சுக்கிட்டு இருக்குன்னு யாரும் சொல்ல மாட்டோம்.

இந்தக் குழப்பம் ஏன் வந்துச்சுங்கிற கதையைக் கொஞ்சம் சொல்லணும், ஏன்னா அது தெரிஞ்சா உங்க மேல தப்பு இல்லன்னு புரியும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி பேசின பழைய இங்கிலீஷ்ல இது ரெண்டும் வேற வேற வார்த்தையாவே இருந்துச்சு. பாடிக்கிட்டு இருக்கிறங்கிற பார்ட்டிசிபிளுக்கு "சிங்கெண்டெ"ன்னு "எண்டெ" விகுதி. வேலையோட பேருக்கு "உங்", இல்லன்னா "இங்" விகுதி, படிக்கறதுக்கு "லெயோர்னுங்"னு சொன்னாங்க, அதுதான் இன்னைக்கு "லேர்னிங்". அப்புறம் 1200 வாக்குல இருந்து, தெற்குப் பக்கத்துல ஆரம்பிச்சு, "எண்டெ" மெல்ல மெல்லத் தேஞ்சு "இங்"குக்குள்ள கரைஞ்சு போச்சு. வடக்கேயும் ஸ்காட்லாந்துலயும் மட்டும் பார்ட்டிசிபிளுக்கு "ஆண்ட்"னு ஒரு விகுதி வச்சு ரொம்ப காலம் ரெண்டையும் பிரிச்சே வச்சிருந்தாங்க. சொந்தக்கார மொழியான ஜெர்மன்ல இன்னைக்கும் பிரிஞ்சே இருக்கு, தூங்குற குழந்தையைச் சொல்ல "ஷ்லாஃபெண்ட்"னு வரும், வேலைகளோட பேருக்கு "உங்"னு முடியற பெயர் ஏராளமா இருக்கு. ஜெரண்ட், பார்ட்டிசிபிள்ங்கிற பேருங்க லத்தீன்ல இருந்து வந்தது, லத்தீன்ல ரெண்டுக்கும் உருவம் தனி, "அமாண்டும்"னா ஒண்ணு "அமான்ஸ்"னா இன்னொண்ணு, அங்க பார்த்த உடனே தெரியும். அந்த ரெண்டு பேரையும் கொண்டு வந்து ஒரே உருவம் இருக்கிற இங்கிலீஷ் மேல ஒட்டினதுலதான் இவ்வளவு சிக்கலும்.

ஜெரண்டைப் பத்தி இன்னொண்ணும் தெளிவா தெரிஞ்சுக்கணும், அது முழு நவுன் கிடையாது. தமிழ்ல "படிப்பு"ன்னு ஒண்ணு இருக்கு, "படிக்கறது"ன்னு ஒண்ணு இருக்கு. "நல்ல படிப்பு"ன்னு சொல்லலாம், ஆனா "புத்தகத்தைப் படிப்பு"ன்னு சொல்ல முடியாது. "புத்தகத்தை வேகமா படிக்கறது"ன்னு சொல்லலாம், அங்க "புத்தகத்தை"ன்னு ஆப்ஜெக்டும் வருது, "வேகமா"ன்னு அட்வெர்பும் வருது, ரெண்டும் வெர்புக்கே உள்ள சொத்து. ஜெரண்ட் சரியா இந்த "படிக்கறது" மாதிரி, வெளியில இருந்து பாத்தா நவுன், உள்ள போய்ப் பாத்தா வெர்ப். "ரீடிங் தி லெட்டர் குவிக்லி"ல உள்ள ஆப்ஜெக்டும் அட்வெர்பும் இருக்கு, அது ஜெரண்ட். "தி குவிக் ரீடிங் ஆஃப் தி லெட்டர்"னு வந்தா "தி" வந்துருச்சு, அட்ஜெக்டிவ் வந்துருச்சு, ஆப்ஜெக்டுக்கு முன்னாடி "ஆஃப்" வந்துருச்சு, அது "படிப்பு" பக்கம் சாஞ்சுருச்சு, அதை வெர்பல் நவுன்னு தனியா சொல்லுவாங்க. "பில்டிங்ஸ்", "மீட்டிங்ஸ்"னு ப்ளூரல் எஸ் போட முடியற வார்த்தை எல்லாம் அதையும் தாண்டி சாதாரண நவுனாவே ஆயிடுச்சு, அதுல ஜெரண்ட் தேட வேண்டாம். அதே மாதிரி அந்தப் பக்கம் "இன்ட்ரஸ்டிங்", "போரிங்" எல்லாம் முழு அட்ஜெக்டிவாவே ஆயிட்ட ஆளுங்க, "வெரி போரிங்"னு முன்னாடி வெரி போட்டா நிக்கும், "வெரி ஸ்லீப்பிங் சைல்ட்"னு நிக்காது. "டூரிங்", "கன்சர்னிங்" ப்ரெபொசிஷன் ஆயிடுச்சு. "கிங்", "திங்", "மார்னிங்" இதெல்லாம் சும்மா இங்ல முடியுது, அவ்வளவுதான்.

இப்ப ரெண்டாவது வாக்கியம், "ஐ சா ஹிம் கிராஸிங் தி ரோட்". இதுல நீங்க ஜெரண்ட்னு எழுதித் தப்பாச்சுன்னா அதுக்குக் காரணம் தமிழ்தான். நான் மேல சொன்ன பரிசோதனையை அப்படியே போட்டா, "அவன் ரோட்டைக் கிராஸ் பண்றதைப் பார்த்தேன்"னு வருது, "-றதை" வந்துருச்சு, அப்ப ஜெரண்ட்னு தோணும். ஆனா இங்க தமிழும் இங்கிலீஷும் வாக்கியத்தைக் கட்டற விதமே வேற. தமிழ்ல நாம பார்த்தது அந்தச் செயலை. இங்கிலீஷ்ல "சா"வோட ஆப்ஜெக்ட் "ஹிம்", அவனைப் பார்த்தேன், அந்த நேரம் அவன் எப்படி இருந்தான்னா ரோட்டைக் கிராஸ் பண்ணிக்கிட்டு இருந்தான். கிராஸிங் வந்து ஹிம் மேல ஒட்டிக்கிட்டு நிக்குது, பார்ட்டிசிபிள். உறுதி பண்ணிக்க பேஸிவ் ஆக்கிப் பாருங்க, "ஹீ வாஸ் சீன் கிராஸிங் தி ரோட்"னு அழகா வரும், அவன் தனியா முன்னாடி போயிட்டான், கிராஸிங் பின்னாடியே நின்னுருச்சு, அப்ப ரெண்டும் ஒரே துண்டு இல்லன்னு தெரியுதில்ல. அதனால சீ, ஹியர், வாட்ச், ஃபீல், ஃபைண்ட், கேட்ச் மாதிரி வெர்புக்கு அப்புறம் ஒரு ஆளும் அதுக்கு அப்புறம் இங்கும் வந்தா தமிழ்க் காதை நம்ப வேண்டாம், பார்ட்டிசிபிள்னு எடுத்துக்கோங்க. இதுல "ஐ சா ஹிம் கிராஸ் தி ரோட்"னும் சொல்லலாம், அது இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் வரைக்கும் முழுசா கடந்ததைப் பார்த்தேன்னு அர்த்தம், கிராஸிங்னா நடுவுல இருக்கும்போது பார்த்தேன், அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தானான்னு சொல்லல. நம்ம "பண்ணிக்கிட்டு இருந்தான்"கிற உணர்ச்சிதான் அது.

மூணாவது வாக்கியம் ஸ்லீப்பிங் பேக். தமிழ்க் காது கைவிடற ரெண்டாவது இடம் இது, எனக்கு இதைச் சொல்லிக் குடுக்க ரொம்பப் பிடிக்கும். நவுனுக்கு முன்னாடி இங் வந்தா பார்ட்டிசிபிள்னு ஒரு குறுக்கு வழி எல்லார் மனசுலயும் இருக்கு, அது தப்பு. தமிழ்லயும் "குடிக்கிற மனுஷன்"னும் சொல்றோம், "குடிக்கிற தண்ணி"ன்னும் சொல்றோம், ரெண்டும் பெயரெச்சம்தான், ஆனா மனுஷன்தான் குடிக்கிறான், தண்ணி எதையும் குடிக்கிறதில்ல. நம்ம பெயரெச்சத்துக்கு அவ்வளவு தாராளம், செய்யறவனுக்கு முன்னாடியும் வரும், செய்யப்படற பொருளுக்கு முன்னாடியும் வரும், இடம், கருவி, நேரம் எல்லாத்துக்கு முன்னாடியும் வரும். படுக்கிற கட்டில், வெட்டற கத்தி, போற நேரம்னு எதுவேணா சொல்லலாம். இங்கிலீஷ் பிரசன்ட் பார்ட்டிசிபிளுக்கு அந்தத் தாராளம் கிடையாது, வேலையைச் செய்யற ஆளு அல்லது பொருளுக்கு முன்னாடி மட்டும்தான் அது நிக்கும். அதனால இங்க கேக்க வேண்டிய கேள்வி, "அந்த நவுனே இந்த வேலையைச் செய்யுதா?". ஸ்லீப்பிங் சைல்ட், குழந்தை தூங்குது, பார்ட்டிசிபிள். ஸ்லீப்பிங் பேக், பை தூங்குமா? தூங்காது. அது தூங்கறதுக்கான பை, "எ பேக் ஃபார் ஸ்லீப்பிங்", ஜெரண்ட். டிரிங்கிங் வாட்டர், ஸ்விம்மிங் பூல், வாக்கிங் ஸ்டிக், ரீடிங் ரூம், ஃப்ரையிங் பேன் எல்லாமே இந்தக் கூட்டம். ரன்னிங் வாட்டர், பாய்லிங் வாட்டர், ஃப்ளையிங் பேர்ட் அந்தக் கூட்டம்.

சரி, அப்ப வாஷிங் மெஷின்? மெஷினே துவைக்குதே, அப்ப பார்ட்டிசிபிளான்னு கேட்டா கேள்வி நியாயமானது. இங்கதான் காதை இங்கிலீஷ் பக்கம் திருப்பணும். இங்கிலீஷ் பேசறவங்க எந்த வார்த்தையை அழுத்திச் சொல்றாங்கன்னு கேளுங்க. ஜெரண்டா இருந்தா அது பின்னாடி வர்ற நவுனோட சேந்து ஒரே கூட்டு வார்த்தை ஆயிடும், அழுத்தம் முதல் வார்த்தைல விழும், ஸ்விம்மிங்-ஐ அழுத்தி பூலை லேசா விடுவாங்க. பார்ட்டிசிபிளா இருந்தா பின்னாடி இருக்கிற நவுன் தான் அழுத்தத்தை வாங்கும், "ஸ்லீப்பிங் சைல்ட்"ல சைல்ட் கனமா கேக்கும். வாஷிங் மெஷின்ல அழுத்தம் வாஷிங் மேல, அதனால அது ஜெரண்ட் பக்கம், துவைக்கிறதுக்குன்னு செஞ்ச மெஷின், ஆஃப் பண்ணி மூலையில கிடந்தாலும் அது வாஷிங் மெஷின்தான், அந்த நிமிஷம் துவைச்சுக்கிட்டு இருக்கணும்னு இல்ல. ரெண்டு அர்த்தமும் வர்ற ஜோடிலதான் இது ரொம்பத் தெளிவா தெரியும். "டான்ஸிங் டீச்சர்"னு டான்ஸிங்-ஐ அழுத்தினா டான்ஸ் சொல்லித் தர்ற டீச்சர், டீச்சரை அழுத்தினா ஆடிக்கிட்டு இருக்கிற டீச்சர், அவங்க கணக்கு டீச்சராக்கூட இருக்கலாம். எழுத்துல ரெண்டும் ஒண்ணு, வாய்ல ரெண்டு. இதுக்கும் விதிவிலக்கு உண்டு, ஹம்மிங்பேர்ட், மாக்கிங்பேர்ட் மாதிரி ஒட்டி எழுதற பேருங்கள்ல அழுத்தம் முன்னாடிதான் விழும், ஆனா ஹம் பண்றது பறவையேதான், அதனால அழுத்தம் மட்டும் போதாது, அர்த்தத்தையும் சேத்துப் பாருங்க.

நாலாவது, "ஷீ இஸ் பிஸி குக்கிங்". இதைத் தமிழ்ல சொல்லிப் பாருங்க, "சமைக்கறதுல பிஸியா இருக்கா"ன்னும் வருது, "சமைச்சுக்கிட்டு பிஸியா இருக்கா"ன்னும் வருது, ரெண்டும் இயல்பா இருக்கு. உங்க காது தடுமாறினது சரியான தடுமாற்றம், ஏன்னா இது நிஜமாவே எல்லைல நிக்கிற வாக்கியம். முன்னாடி "பிஸி இன் குக்கிங்"னு "இன்" போட்டுச் சொல்லுவாங்க, ப்ரெபொசிஷனுக்குப் பின்னாடி வர்ற இங் ஜெரண்ட்தான், அதுல சந்தேகமே வேண்டாம். அந்த "இன்" காலப்போக்குல விழுந்துருச்சு, அது விழுந்த உடனே குக்கிங் பார்ட்டிசிபிள் மாதிரி தெரிய ஆரம்பிச்சுருச்சு, இன்னைக்கு பார்ட்டிசிபிள்னு எடுத்துக்கறவங்கதான் அதிகம், பரீட்சைல நானும் அப்படியே எழுதச் சொல்லுவேன். "ஸ்பென்ட் டைம் ரீடிங்"கும் இதே கதை. "கோ ஷாப்பிங்", "கோ ஃபிஷிங்"கும் இப்படித்தான், ஆரம்பத்துல "ஆன் ஹன்டிங்"னு ப்ரெபொசிஷனோட இருந்து, அது தேஞ்சு "அ-ஹன்டிங்" ஆகி, அப்புறம் அந்த "அ"வும் போயிருச்சு.

ப்ரெபொசிஷன் பேச்சு வந்ததால இதைச் சொல்லாம போக மனசு வரல. ஜெரண்டா இல்லையான்னு தெரிஞ்சுக்கறதுல நமக்கு நேரடியா லாபம் கிடைக்கிற இடம் "டு". "ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ"ன்னு எழுதற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, நல்லா இங்கிலீஷ் எழுதறவங்ககூட லெட்டரோட கடைசி வரில இதைப் போட்டுடறாங்க. "டு" பாத்த உடனே கை தானா வெர்போட மூல உருவத்தை எழுதிடுது. ஆனா இங்கிலீஷ்ல ரெண்டு "டு" இருக்கு. "ஐ வான்ட் டு மீட்"ல வர்றது இன்ஃபினிட்டிவ் டு. "லுக்கிங் ஃபார்வர்ட் டு"ல வர்றது ப்ரெபொசிஷன், அட், இன், ஃபார் மாதிரி. எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னா பின்னாடி ஒரு நவுனைப் போட்டுப் பாருங்க, "லுக்கிங் ஃபார்வர்ட் டு தி மேட்ச்"னு வருது, நவுன் உக்காருதுன்னா ஜெரண்டும் உக்காரும், அதனால "டு மீட்டிங் யூ". "ஐ ஆம் யூஸ்ட் டு வேக்கிங் அப் ஏர்லி", "ஹீ அப்ஜெக்டட் டு பேயிங்", "ஷீ இஸ் டெடிகேட்டட் டு டீச்சிங்" எல்லாம் அப்படித்தான். "ஐ வான்ட் டு தி மேட்ச்"னு வராது பாருங்க.

பார்ட்டிசிபிள் பக்கம் இதே அளவு முக்கியமான இடம் ஒண்ணு இருக்கு, வாக்கியத்தோட ஆரம்பத்துல வர்ற பார்ட்டிசிபிள். "ரீடிங் தி லெட்டர், டியர்ஸ் கேம் டு ஹர் ஐஸ்"னு எழுதினா இங்கிலீஷ்ல தப்பு, ஏன்னா அங்க லெட்டரைப் படிச்சது கண்ணீர்னு ஆயிடும். பார்ட்டிசிபிள் எச்சம்தானே, அது யாரையாவது பிடிச்சுக்கணும், இங்கிலீஷ்ல காமாவுக்கு அப்புறம் வர்ற சப்ஜெக்டைத்தான் பிடிக்கும். நமக்கு இது ஏன் தப்பாவே தெரியறதில்லன்னா, "லெட்டரைப் படிச்சு கண்ணுல தண்ணி வந்துருச்சு"ன்னு தமிழ்ல சொன்னா எந்தக் குறையும் இல்ல. "மழை பெஞ்சு குளம் நெறஞ்சுது"ல பெஞ்சது மழை, நெறஞ்சது குளம், எழுவாய் ரெண்டு, ஆனாலும் தமிழ் ஏத்துக்குது. இங்கிலீஷ் ஏத்துக்காது, "ரீடிங் தி லெட்டர், ஷீ வெப்ட்"னு ஆளைக் கொண்டு வந்து முன்னாடி நிறுத்தணும். அதையே ஜெரண்டா மாத்திட்டா பிரச்சனையே தீந்துரும், "ரீடிங் தி லெட்டர் மேட் ஹர் க்ரை". இங்க ரீடிங் தி லெட்டர்தான் சப்ஜெக்ட், லெட்டரைப் படிச்சது அவளை அழ வச்சுது, அது யாரையும் பிடிச்சுக்க வேண்டிய தேவையே இல்ல. ரெண்டும் "ரீடிங் தி லெட்டர்"னு ஒரே மாதிரி ஆரம்பிக்குது, காமா இருக்கா இல்லையாங்கிறதுலயே பாதி விடை இருக்கு.

சில வாக்கியம் ரெண்டு பக்கமும் நிக்கும், அது உங்க தப்பில்ல. மொழியியல் வகுப்புகள்ல ரொம்ப காலமா சொல்ற உதாரணம் "ஃப்ளையிங் ப்ளேன்ஸ் கேன் பி டேஞ்சரஸ்". ப்ளேன் ஓட்டறது ஆபத்தா, பறக்கிற ப்ளேனுங்க ஆபத்தா? இந்த வாக்கியத்தை மட்டும் வச்சுச் சொல்லவே முடியாது, ஏன்னா "கேன்" ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாது. அதை எடுத்துட்டு "இஸ் டேஞ்சரஸ்"னு போடுங்க, ஓட்டறதுங்கிற ஒரு செயல், ஜெரண்ட். "ஆர் டேஞ்சரஸ்"னு போடுங்க, ப்ளேனுங்க பல, பார்ட்டிசிபிள். வெர்ப் ஒருமையா பன்மையான்னு பாக்கறது ஒரு நல்ல கருவி, நிறைய பேர் இதைப் பயன்படுத்தறதே இல்ல.

இன்னொண்ணும் நேர்மையா சொல்லணும். இந்தப் பிரிவினையை இன்னைக்கு இருக்கிற பெரிய இலக்கண அறிஞர்கள் பலர் அப்படியே ஏத்துக்கறதில்ல. 1985ல வந்த க்வெர்க் குழுவோட பெரிய இலக்கணம், "பெயிண்டிங்"கிற ஒரே வார்த்தையை முழு நவுன்ல இருந்து முழு வெர்ப் வரைக்கும் படிப்படியா வரிசைப்படுத்திக் காட்டி, நடுவுல கோடு போடற இடம் எதுவும் கிடையாதுன்னு சொல்லிச்சு. 2002ல ஹடில்ஸ்டன், புல்லம் ரெண்டு பேரும் எழுதின கேம்பிரிட்ஜ் இலக்கணம் இன்னும் ஒரு படி மேல போய் ரெண்டையும் சேத்து "ஜெரண்ட்-பார்ட்டிசிபிள்"னு ஒரே பேரே வச்சுருச்சு, உருவம் ஒண்ணுன்னா பேரும் ஒண்ணு போதும்ங்கிறது அவங்க வாதம். இங்கிலீஷை உள்ளேயிருந்து மட்டும் பாத்தா அந்த வாதம் சரிதான். ஆனா ரெண்டு வேலையும் தனித்தனியா இருக்குங்கிறதை அவங்களும் மறுக்கல, நமக்குப் பேரை விட வேலைதான் முக்கியம். மேல பாத்தீங்களே, டு மீட்டிங்-ஆ டு மீட்-ஆ, கண்ணீர் லெட்டர் படிக்குமா படிக்காதா, இதெல்லாம் வேலையைப் பிரிக்கத் தெரிஞ்சாத்தான் கைக்கு வரும்.

கடைசி வாக்கியம் பாக்கி இருக்கு, "ஐ ரிமெம்பர் ஹிம் சேயிங் தட்". பாக்க ரெண்டாவது வாக்கியம் மாதிரியே இருக்கு, ஹிம் கிராஸிங், ஹிம் சேயிங். ஆனா பேஸிவ் போட்டுப் பாருங்க, "ஹீ இஸ் ரிமெம்பர்ட் சேயிங் தட்"னா காதுல ஒட்டவே இல்ல. அர்த்தத்தையும் பாருங்க, எனக்கு ஞாபகம் இருக்கிறது அவனா, அவன் அதைச் சொன்னதா? சொன்னதுதான். அப்ப "ஹிம் சேயிங் தட்" முழுசும் சேந்து ஒரே துண்டு, அந்தத் துண்டுதான் ரிமெம்பரோட ஆப்ஜெக்ட், அதனால சேயிங் ஜெரண்ட். இங்க தமிழ்க் காது சொல்ற "அவன் சொன்னது ஞாபகம் இருக்கு" சரியாவே வழி காட்டுது. ஜெரண்ட்னா நவுன் மாதிரிதானே, அப்ப "ஹிஸ் சேயிங் தட்"னு இருக்கணுமேன்னு உங்களுக்குத் தோணினா, அதே சண்டை இங்கிலீஷ்லயே பெரிசா நடந்திருக்கு. ஃபவுலர்ங்கிற இங்கிலீஷ் இலக்கணக்காரர் 1926ல வந்த தன்னோட பிரபலமான அகராதில இந்த "ஹிம் சேயிங்" மாதிரி அமைப்பை "ஃப்யூஸ்ட் பார்ட்டிசிபிள்"னு சொல்லி, இது இலக்கணத்துல நிக்காத அமைப்பு, ஹிஸ் தான் போடணும்னு கடுமையா எழுதினார். டென்மார்க்கைச் சேர்ந்த யெஸ்பர்சன், இங்கிலீஷ் இலக்கணத்தை அந்தக் காலத்துல ரொம்ப ஆழமா ஆராய்ஞ்சவர், இல்லவே இல்ல, நல்ல எழுத்தாளர்கள் பல காலமா இப்படித்தான் எழுதறாங்கன்னு உதாரணத்தை அடுக்கி மறுத்தார். பேச்சு வழக்கு யெஸ்பர்சன் பக்கம்தான் போச்சு, இன்னைக்கு "ஹிம் சேயிங்" முழுக்க சரி. ஆனா ஜெரண்ட் வாக்கியத்தோட தொடக்கத்துல சப்ஜெக்டா வந்தா, அதுவும் முறையான எழுத்தா இருந்தா, "ஹிஸ் சேயிங் தட் ஹர்ட் மீ"ன்னு ஹிஸ் போடறதுதான் இன்னும் நல்லா இருக்கு, "ஹிம் சேயிங் தட் ஹர்ட் மீ" பேச்சு மாதிரி இருக்கும். உங்க வாக்கியத்துல எது போட்டாலும் மார்க் போகாது, ஹிம்-ஐ ஹிஸ் ஆக்கினாலும் அர்த்தம் அசையலங்கிறதே அது ஜெரண்ட்ங்கிறதுக்கு இன்னொரு சாட்சி. "ஐ சா ஹிஸ் கிராஸிங் தி ரோட்"னு ரெண்டாவது வாக்கியத்துல மாத்திப் பாருங்க, அது உடனே கோணலா நிக்கும்.